அணைத்தாலும் திரும்ப எரியும் விளக்கு
பழைய காரில் பெட்ரோல் ஆவிக் கசிவைக் கண்டறியும் முறை

பெட்ரோல் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும் திரவம். கார் ஓடாமல் நின்றாலும் டேங்கினுள் ஆவி சேர்ந்துகொண்டே இருக்கும். வெயில் ஏறினால் அதன் அழுத்தமும் ஏறும். அது வெளியே கசிந்தால் சூரிய ஒளியில் நைட்ரஜன் ஆக்சைடுகளோடு வினைபுரிந்து தரைமட்ட ஓசோனை உண்டாக்கும். லாஸ் ஏஞ்சல்ஸ் மக்களின் கண்களை எரியவைத்த புகைமூட்டத்துக்குப் பின்னால் இத்தகைய வினை இருப்பதை 1950களின் தொடக்கத்தில் கால்டெக் வேதியியலாளர் ஆரி ஹாகன்-ஸ்மிட் எடுத்துக்காட்டினார்.

ஆவியைப் பிடித்து வைக்கும் அமைப்பு கலிஃபோர்னியாவில் 1970 மாடல் கார்களிலும், அமெரிக்கா முழுவதும் 1971 மாடல் கார்களிலும் கட்டாயமானது. அந்த அமைப்பில் கசிவு உண்டா என்பதைக் காரின் கணினியே சோதிக்க வேண்டும் என்ற விதி 1996 மாடலில் தொடங்கியது. முதலில் ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள துளையைக் கண்டுபிடித்தால் போதும் என்றிருந்தது. 2000 மாடலிலிருந்து படிப்படியாக அரை மில்லிமீட்டர் துளையும் பிடிபட வேண்டும் என்றானது. இருபது ஆண்டு ஓடிய காரில் ரப்பர் எங்காவது வெடித்திருக்கும், இரும்பு எங்காவது துருப்பிடித்திருக்கும். அமெரிக்காவில் பழைய கார்களின் ‘செக் எஞ்சின்’ விளக்கு எரிவதற்கு ஆவிக் கசிவு மிகச் சாதாரணமான காரணங்களுள் ஒன்று.

அமைப்பு வேலை செய்யும் விதம்

டேங்கிலிருந்து எழும் ஆவி ஒரு குழாய் வழியே கரிக் குடுவைக்குள் போகிறது. கேனிஸ்டர் எனப்படும் இந்தக் குடுவையில் உள்ள நுண்துளைக் கரி ஆவியை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். எஞ்சின் சூடேறி ஓடும்போது கணினி ‘பர்ஜ் வால்வை’த் திறக்கும். எஞ்சினின் உறிஞ்சு விசை குடுவையிலுள்ள ஆவியை இழுத்து எரித்துவிடும். அப்போது வெளிக்காற்று ‘வென்ட் வால்வு’ வழியாகக் குடுவைக்குள் நுழையும். பர்ஜ் வால்வு மின்சாரம் இல்லாதபோது மூடியிருக்கும். வென்ட் வால்வு மின்சாரம் இல்லாதபோது திறந்திருக்கும். சோதனை முழுவதற்கும் அடிப்படை இந்த ஒரு வேறுபாடுதான்.

கசிவைச் சோதிக்கப் பல கார்களில் கணினி வென்ட் வால்வை மூடி, பர்ஜ் வால்வைத் திறந்து, டேங்கினுள் சிறிதளவு வெற்றிடம் உண்டாக்கும். பிறகு பர்ஜ் வால்வையும் மூடிவிட்டு, அழுத்த உணரியின் அளவைக் கவனிக்கும். வெற்றிடம் விரைவில் குறைந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. சில கார்களில் இதற்கென ஒரு சிறு பம்பு உண்டு.

பழுது ஏன் போய்ப் போய் வருகிறது?

கணினி இந்தச் சோதனையை எப்போதும் செய்வதில்லை. பெரும்பாலும் டேங்க் காலியாகவோ நிறைந்தோ இல்லாமல், ஏறத்தாழ 15 முதல் 85 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். கார் பல மணிநேரம் நின்று எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். மேலும், அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் தவறு தெரிந்தால்தான் பொதுவாக விளக்கு எரியும். கணினியில் பதிவான பழுதுக் குறியீட்டை ஸ்கேனரால் அழித்தவுடன் விளக்கு அணைந்து, இரண்டு வாரம் கழித்து மறுபடி எரிவது இதனால்தான். அந்த இரண்டு வாரமும் பழுது அங்கேயே இருந்திருக்கிறது, சோதனைதான் நடக்கவில்லை.

ஸ்கேனர் காட்டும் குறியீடுகளில் பி0455 என்பது பெரிய கசிவு, பி0442 சிறிய கசிவு, பி0456 மிகச் சிறிய கசிவு. பி0446 வென்ட் வால்வுப் பகுதியில் கோளாறு என்று சொல்லும். குறியீடு அறிகுறியை மட்டுமே காட்டும். பழுதான உறுப்பின் பெயரைச் சொல்லாது. குறியீட்டைப் பார்த்ததும் டேங்க் மூடியை மாற்றி, பிறகு பர்ஜ் வால்வை மாற்றி, பிறகு குடுவையை மாற்றிப் பணம் இழந்தவர்கள் பலர்.

தேடும் வரிசை

குறியீட்டை அழிப்பதற்கு முன் அதனோடு பதிவான விவரங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். பழுது பதிவான நேரத்தில் எஞ்சின் எவ்வளவு சூடாக இருந்தது, கார் ஓடியதா நின்றதா என்பவை அதில் இருக்கும். அழித்துவிட்டால் இந்தத் துப்பும் போய்விடும்.

அடுத்து மூடி. ரப்பர் வளையம் வெடித்திருக்கிறதா என்று பார்ப்பதோடு, அது உட்காரும் வாய்ப்பகுதியையும் பார்க்க வேண்டும். பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் அமெரிக்க வட மாநிலங்களில் பெட்ரோல் ஊற்றும் குழாயின் கழுத்தே அரிபட்டுவிடும். அங்கே எத்தனை புதிய மூடி போட்டாலும் பயனில்லை.

மூன்றாவது, பர்ஜ் வால்வு. எஞ்சினை நிறுத்தி, வால்வின் குழாயைக் கழற்றிக் கைப்பம்பால் வெற்றிடம் கொடுத்தால் அது நிலைத்து நிற்க வேண்டும். நிற்காவிட்டால் வால்வு முழுதாக மூடவில்லை. பெட்ரோல் போட்டவுடன் எஞ்சின் எளிதில் பிடிக்காமல் திணறுவது இந்தப் பழுதின் தெளிவான அடையாளம்.

நான்காவது, வென்ட் வால்வு. பெரும்பாலும் இது காரின் அடியில், குடுவைக்கு அருகே, சேறும் தூசியும் படும் இடத்தில் இருக்கிறது. 12 வோல்ட் கொடுத்தால் மூட வேண்டும், எடுத்தால் திறக்க வேண்டும். மூடாவிட்டால் பெரிய கசிவு என்று பதிவாகும். அடைத்துக்கொண்டால் பங்கில் பெட்ரோல் போடும்போது நாசில் துப்பாக்கி அடிக்கடி தானே நின்றுவிடும். இந்த வழியை அடைக்க ஒரு சிலந்தியும் போதும். பெட்ரோல் வாடையால் ஈர்க்கப்படும் மஞ்சள் நிறச் சிலந்தி வகையொன்று வென்ட் குழாயில் வலை பின்னியதால், 2011இல் வட அமெரிக்காவில் ஏறத்தாழ 65,000 மாஸ்டா6 கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. காற்று புகாமல் டேங்கில் வெற்றிடம் கூடினால் டேங்கே விரிசல் விடக்கூடும் என்பதே அச்சம்.

ஐந்தாவது, அழுத்த உணரி. மூடியைத் திறந்து வைத்தால் உள்ளும் புறமும் ஒரே அழுத்தம். ஸ்கேனரில் பூஜ்யத்தை ஒட்டிய அளவு வர வேண்டும். வராவிட்டால் உணரியே பழுது; கசிவே இல்லாமல் கணினி தவறாகக் குற்றம் சாட்டக்கூடும்.

இவை எல்லாம் சரியாக இருந்தால் புகைச் சோதனைதான் வழி. கனிம எண்ணெயைச் சூடாக்கி உண்டாக்கிய வெண்புகையை நைட்ரஜன் போன்ற எரியாத வாயுவோடு குழாய்களுக்குள் செலுத்துவார்கள். வென்ட் வால்வை மூடி வைத்து, பலமான விளக்கொளியில் புகை எங்கே எழுகிறது என்று பார்ப்பார்கள். இதற்கு அரை பிஎஸ்ஐ அழுத்தம் போதும். கார் டயரில் இருப்பதில் அறுபதில் ஒரு பங்குதான். ஒர்க்‌ஷாப் கம்பிரசர் காற்றை நேரடியாக அடித்தால் நல்ல உறுப்புகளும் உடையும். பெட்ரோல் ஆவியோடு காற்று கலப்பதால் தீ விபத்துக்கும் இடமுண்டு. டேங்கின் மேற்புறத்தில் வெடித்த ரப்பர் குழாய், பெட்ரோல் பம்பை மாற்றியபோது மாற்றாமல் விட்ட பழைய வளையம் போன்ற, கண்ணுக்குத் தெரியாத கசிவுகளைப் புகை காட்டிக்கொடுத்துவிடும்.

மாற்றிய உறுப்பே மீண்டும் பழுதானால்

புதிய பர்ஜ் வால்வு சில மாதங்களில் மறுபடி கெட்டால், அதைக் கழற்றித் தட்டிப் பார்க்க வேண்டும். கருமணிகள் உதிர்ந்தால் குடுவை உள்ளே உடைந்திருக்கிறது. அதன் கரி குழாய் வழியே வந்து வால்வின் வாயில் சிக்கி, அதை மூடவிடாமல் தடுக்கிறது. குடுவையை மாற்றி, குழாய்களை ஊதிச் சுத்தம் செய்யாமல் வால்வை மட்டும் மாற்றுவது வீண் செலவு.

குடுவை கெடுவதற்கு ஓட்டுபவரின் பழக்கமும் ஒரு காரணம். துப்பாக்கி தானே நின்ற பிறகும் கழுத்துவரை பெட்ரோல் நிரப்பினால், ஆவிக்கு என அமைந்த குடுவைக்குள் திரவம் புகுந்து கரியை நனைத்துவிடும். பிஎஸ்-6 மாசுக் கட்டுப்பாட்டு விதிக்குப் பின் இந்தியாவில் விற்கும் பெட்ரோல் பைக்குகளிலும் ஸ்கூட்டர்களிலும் இத்தகைய கரிக் குடுவை இருப்பதால், இந்த எச்சரிக்கை அவற்றுக்கும் பொருந்தும்.

பழுதைச் சரிசெய்த பின் டேங்கைப் பாதியளவில் வைத்து, சில நாள் காலையில் குளிர்ந்த எஞ்சினோடு ஓட்டி, கணினி தன் சோதனையை முடித்துத் தேறியதா என்று ஸ்கேனரில் பார்க்க வேண்டும். விளக்கு எரியாதிருப்பதை மட்டும் வைத்து வேலை முடிந்ததாகக் கொள்ளக்கூடாது. ஆவிக் கசிவால் கார் நின்றுவிடுவதில்லை; ஆனால் காருக்குள்ளோ ஷெட்டிலோ பெட்ரோல் வாடை அடித்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. சோதித்துப் பார்க்காமல் எந்த உறுப்பையும் மாற்ற வேண்டாம்.