உங்களுக்குத் தெரியுமா? – மூன்றே இடங்களில் வரும் வினைச்சொல்

ஆதியாகமம் 1:2இல் தேவ ஆவியானவர் நீரின்மேல் 'அசைவாடியதை' எபிரேய மூலம் 'ராஹாஃப்' என்ற வினையால் சொல்கிறது. எபிரேய வேதாகமம் முழுவதிலும் இந்த வினை 3 முறைதான் வருகிறது.

● உபாகமம் 32:11இல் கழுகு தன் குஞ்சுகளின்மேல் சிறகசைக்கிறது. பழைய தமிழ் வேதாகமம் இங்கும் 'அசைவாடி' என்றே சொல்கிறது.

● எரேமியா 23:9இல் தீர்க்கதரிசியின் எலும்புகள் நடுங்குகின்றன.

● ஜொகூரின் பெக்கான் நானாஸில் பட்டம் விடும் பிள்ளைகளுக்கும் 'லாயாங்-லாயாங்' (மலாய் மொழியில் பட்டம்) தெரியும். 1974இல் வெளிவந்த இந்தோனேசிய வேதாகமம், ஆவியானவருக்கும் கழுகுக்கும் ஒன்றுபோலவே, அதே வேரிலிருந்து வந்த 'மெலாயாங்-லாயாங்' (மிதந்து பறத்தல்) என்கிறது.

● ஆதியாகமம் 1:2ஐயும் உபாகமம் 32:11ஐயும் சேர்த்து வாசித்துப் பாருங்கள்: உலகம் உருப்பெறும் முன்பே, குஞ்சைக் காக்கும் பறவையின் பரிவோடு இறைவன் அதன்மேல் இருந்தார் என்பது விளங்கும்.