மன்னார்த் தீவின் தேவாலயம் யாருடையது?

திருஞானசம்பந்தர் பாடிய தலங்களுள் அண்ணாமலையும் உண்டு. கடலுக்கு அப்பால், மன்னாருக்கு அருகில் மாதோட்டத்தில் உள்ள திருக்கேதீச்சரமும் உண்டு. அடி அண்ணாமலையில் வாழும் எனக்கு மன்னார் அறிமுகமானது அந்தப் பதிகத்தின் வழியாகத்தான். போர்ச்சுக்கீசியர் கேதீச்சரத்தை இடித்து, அதன் கற்களைக் கொண்டு மன்னார்த் தீவில் கோட்டை எழுப்பினர் என்பது சைவ மரபில் வழங்கும் செய்தி. கோட்டைக்குள் பாழடைந்த தேவாலயம் ஒன்று இன்றும் நிற்கிறது. ஆகவே, அத்தீவின் கிறிஸ்தவமே பீரங்கியோடு வந்து இறங்கியது என்று எண்ணுவது எளிது. காலவரிசை அதற்கு இடம் தரவில்லை.

கோவாவிலிருந்த போர்ச்சுக்கீசிய அரசப் பிரதிநிதி கான்ஸ்டன்டீனோ டி பிரகான்சா யாழ்ப்பாணத்தின்மீது படையெடுத்து, அதைத் தக்கவைக்க இயலாமல், மன்னாரை மட்டும் பற்றிக்கொண்டது 1560-இல். அதற்குச் சுமார் 16 ஆண்டுகளுக்கு முன்பே, முத்துக்குளித்துறையில் பரதவரிடையே பணியாற்றிய பிரான்சிஸ் சவேரியாருக்கு மன்னார் மக்களின் அழைப்பு சென்றது. தம்மால் வர இயலாத நிலையில் அவர் குரு ஒருவரை அனுப்பினார். திருமுழுக்குப் பெற்றோரில் ஏறத்தாழ 600 பேரை யாழ்ப்பாண மன்னன் சங்கிலி 1544-இல் கொல்வித்தான் என்பது கத்தோலிக்க மரபு. தோட்டவெளியில் உள்ள வேதசாட்சிகளின் இராக்கினி ஆலயம் அவர்களின் நினைவைத் தாங்கி நிற்பது.

சங்கிலியின் அச்சத்தையும் புறந்தள்ள முடியாது. மதம் மாறிய கரையோரங்களில் அந்நிய அதிகாரம் எப்படிக் காலூன்றியது என்பதை அவன் எதிர்க்கரையில் கண்டிருப்பான். ஒரு சாரார்க்கு நாட்டைக் காத்த வேந்தன். மறு சாரார்க்கு முன்னோரைக் கொன்றவன். இரு சாராரும் தமிழரே என்பதுதான் இதில் உள்ள சிக்கல்.

1658-இல் மன்னாரைப் பிடித்த ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தனர். மதம் வெறும் ஆட்சியின் நிழலாக இருந்திருந்தால் போர்ச்சுக்கீசியரோடு அதுவும் கப்பலேறியிருக்கும். மக்களோ மாதா சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் சென்றார்கள். மடுத் திருப்பதி பிறந்த வரலாறு அதுவே. 1687-இல் கோவாவிலிருந்து இரவலர் வேடத்தில் வந்த யோசேப் வாஸ் அடிகள், தமிழ் கற்று, அவர்களிடையே மறைந்து பணியாற்றினார். 2015-இல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

எனவே, 'போர்ச்சுக்கீசியத் தேவாலயம்' என்ற சொல்லாட்சி கோட்டைக்குள் உள்ள இடிபாட்டுக்குப் பொருந்தலாம், தோட்டவெளிக்குப் பொருந்தாது. இது பெயர் பற்றிய நுணுக்கம் மட்டுமன்று. 2019 மார்ச்சில், மகா சிவராத்திரிக்கு முந்தைய நாள், திருக்கேதீச்சரத்துக்குச் செல்லும் சாலையில் அமைக்கப்பட்ட வரவேற்பு வளைவு பிடுங்கி எறியப்பட்டது. போரில் ஒன்றாகவே வீடிழந்த சைவரும் கத்தோலிக்கரும், 16-ஆம் நூற்றாண்டின் கணக்கை ஒருவர்மீது ஒருவர் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கணக்கில் பாதிக்கு மேல் லிஸ்பனின் பெயரில் எழுதப்பட வேண்டியது.