தேய்த்தால் போகாத காவி

தருமபுரிப் பக்கம் பேருந்தில் எதிரே உட்கார்ந்திருந்த கல்லூரிப் பெண், சிரிப்பு வரும்போதெல்லாம் துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டாள். மேல் முன்பற்கள் இரண்டின் குறுக்கே காவிப் பட்டை; ஓரங்களில் சுண்ணாம்பு தெளித்தாற்போல் வெண்புள்ளிகள். "கரித்தூள், உப்பு, எலுமிச்சை எல்லாம் போட்டுத் தேய்ச்சுப் பார்த்தாச்சுங்க" என்றார் அவள் அம்மா.

எத்தனை தேய்த்தாலும் அது போகாது. டீ, வெற்றிலை, பீடிக் கறைகள் பல்லின் மேல் ஒட்டுபவை. கிளீனிங் செய்தாலே பெரும்பாலும் போய்விடும். இந்தக் காவி எனாமலுக்குள்ளேயே இருக்கிறது. ஈறுக்குள் நிரந்தரப் பல் உருவாகும் வயதில் புளோரைடு மிகுந்த போர்த் தண்ணீரைக் குடித்தால், எனாமல் முழுதாக இறுகாமல் நுண்துளைகளோடு நின்றுவிடும். பல் முளைத்தபின் அந்தத் துளைகளில் நிறம் ஏறும். அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸில் 1901இல் இதே காவியைக் கண்ட பல் மருத்துவர் பிரெடரிக் மெக்கே, காரணம் தேடி முப்பது ஆண்டு அலைந்தார். தண்ணீரிலுள்ள புளோரைடுதான் என்பது 1931இல் தெரிந்தது.

கரியும் எலுமிச்சையும் எனாமலைத்தான் அரிக்கும். தேய்ந்த எனாமல் திரும்ப வளராது. அது மெலிய மெலிய அடியிலுள்ள டென்டினின் மஞ்சள் தூக்கலாகத் தெரியும்.

பிளீச்சிங் வேறு வகை. பெராக்சைடு எனாமலுக்குள் ஊடுருவி நிறத்தைச் சிதைக்கிறது. கிளினிக்கில் 35 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு வைத்தால் ஒரே அமர்வில் வெளுப்பு தெரியும். அதில் ஒரு பகுதி பல்லின் ஈரம் காய்ந்ததால் வந்தது. சில நாளில் இறங்கிவிடும். மருத்துவர் அளவெடுத்துத் தரும் டிரேயில் 10 சதவீத கார்பமைடு பெராக்சைடு ஜெல் விட்டு, இரவில் மாட்டிக்கொண்டு தூங்குவது மெதுவான வழி. வாரக்கணக்கில் ஆகும். என் ஓட்டு இதற்குத்தான்: பல் கூச்சம் குறைவு, பலனில் குறைவில்லை. கிளினிக்கில் பிளீச்சோடு காட்டும் நீல விளக்குக்கென்று தனிக் காசு கொடுக்க வேண்டாம்.

ஆனால் பிளீச் வெண்புள்ளிகளை அழிக்காது. முதலில் எடுப்பாகக் காட்டவும் செய்யும். அதனால் புளோரைடு பல்லுக்கு முதலில் மைக்ரோஅப்ரேஷன் செய்வார்கள். ஈறை ரப்பர் ஷீட்டால் மறைத்து, ஹைட்ரோகுளோரிக் அமிலமும் நுண்பொடியும் கலந்த பசையால் மேற்பரப்பை மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு உரசியெடுப்பார்கள். இதுவும் தேய்ப்பதுதான், ஆனால் அளவு தெரிந்த கையால், ஓரிரு முறையோடு நிறுத்துவது. பிறகு பிளீச். குழி விழுந்த பல்லுக்கு இரண்டும் போதாது. பல் நிறத்தில் பூசும் காம்போசிட்டோ, மேலே ஒட்டும் மெல்லிய வெனீரோ வேண்டும்.

இதையெல்லாம் சொல்லி முடித்ததும் அந்த அம்மா மடியில் தூங்கிய பையனைக் காட்டினார். மூன்று வயது. போர்த் தண்ணீருக்கு மாற்றாக ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013இலேயே வந்துவிட்ட மாவட்டம் அது. "குழாய்த் தண்ணி வராத அன்னிக்கு போர்த் தண்ணிதாங்க" என்றார். அவனுடைய நிரந்தர முன்பற்கள் இப்போதுதான் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கின்றன.