கொற்கையும் கடலும்

நிலம் நிலையானது என்பது நம்மவரின் பொதுவான எண்ணம். நிலம் என்னுஞ் சொல்லே ‘நில்’ என்னும் அடியிற் பிறந்ததெனச் சொல்லாராய்ச்சி வல்லார் கூறுவர். ஆயினும், நிலநூல் அறிஞரை வினவின், மழையும் ஆறும் கடலும் காற்றும் ஓயாது தொழில்புரிய, மலை தேய்ந்தும் தரை வளர்ந்தும் நிலத்தின் உருவம் நாடோறும் மாறி வருகின்றதென அவர் விடையிறுப்பர். அம்மாற்றம் மிக மெல்ல நிகழ்தலின் ஒரு மனிதனது வாழ்நாளிற் புலப்படுதல் அரிது. ஓர் ஊரின் வாழ்நாளிலோ நன்கு புலப்படும். இதற்குக் கொற்கை தக்க சான்றாம்.

அகநானூறு, மதுரைக்காஞ்சி முதலியவற்றைப் பயின்றார் கொற்கையை அறிவர். பாண்டியரது துறைமுகமாகவும் முத்துக்குளிக்கும் இடமாகவும் விளங்கிய அந்நகரைக் கி.பி. 2 ஆம் நூற்றாண்டினராகிய தாலமியும் குறித்துள்ளார். இன்று அங்குச் செல்வோர் காண்பன வயலும் வாழையும் குளமுமே. கடலோ ஏறத்தாழ 6 கிலோமீட்டர் கிழக்கே உளது. 1877 இல் கால்டுவெல் ஐயரும், 1968-69 இல் தொல்பொருள் ஆய்வுத் துறையினரும் அவ்விடத்தை அகழ்ந்து ஆராய்ந்தனர். கடலை அத்துணைத் தொலைவு தள்ளியது யாது? பொருநை எனப் புலவர் போற்றிய தாமிரபரணியே என்க.

பொதிய மலையிற் பெய்யும் மழைநீர், காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சிறிது கரைத்துக்கொண்டு வீழ்கின்றது. அதனால் மென்புளிப்பு எய்திய அந்நீர், பாறை வெடிப்புகளிற் புகுந்து, பன்னெடுங் காலத்தில் அப்பாறையை நெகிழ்விக்கின்றது. பாறையின் ஒரு கூறு கரையாது மணலாய் உதிரும். மற்றொரு கூறு களிமண்ணாய் மாறும். இருபருவ மழையாலும் பெருகும் ஆறு இவற்றை வாரிக்கொண்டு இறங்குகின்றது. மலைச்சரிவில் விரைந்தோடுங்கால் கற்களையும் உருட்டவல்ல வெள்ளம், சமவெளியில் விரைவு குன்றிக் கல்லையும் பின் மணலையும் முறையே கைவிடுகின்றது. கடலை அணுகுங்கால் அதன்பால் எஞ்சியிருப்பது பெரும்பாலும் நுண்ணிய வண்டலே. நன்னீரில் தனித்தனியே மிதந்த களிமண் துகள்கள் உப்புநீரைச் சேர்ந்தவுடன் ஒன்றையொன்று பற்றித் திரண்டு, கனம் மிகுந்து, அடியிற் படிகின்றன. கடலலையும் தன் பங்கிற்கு மணலை மீட்டுக் கொணர்ந்து ஆற்றுவாயில் திட்டாகக் குவிக்கின்றது. ஓராண்டிற் படிவது சிறிதே. ஆயிரம் ஆண்டிற் படிவது ஓர் ஊருக்கு இடமாம்.

கொற்கைத் துறை இவ்வாறு தூர்ந்தபின் வாணிகம் கீழ்த்திசையிலுள்ள காயலுக்குப் பெயர்ந்தது. 13 ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்டு வியந்த துறைமுகம் அதுவே. காயலையும் கடல் விட்டகன்றது. அஃது இன்று பழையகாயல் எனப்படுகின்றது. பின்னர்ச் சிறப்பெய்தியது, ஆற்றுவாய்க்கு வடக்கே விலகி நிற்கும் தூத்துக்குடியாம். பகைவரால் அழிந்த நகரங்கள் பல. கொற்கையோ வண்டலால் தன் துறையை இழந்தது. ஆயினும் அவ்வண்டலே இன்று நெல் விளையும் வயலாய் நின்று பல்லாயிரவர்க்கு உணவளிக்கின்றது.

ஆற்றிற்குத் தெற்கே காற்றின் வேலையைக் காணலாம். குதிரைமொழி முதலிய இடங்களிற் பரந்து கிடக்கும் தேரி, காற்றுக் குவித்த மணற்பரப்பாம். மணலின்மேற் பூச்சுப்போற் படிந்த இரும்புத்துரு அதற்குச் செந்நிறம் தந்தது. ஆனி, ஆடி மாதங்களில் மேல்காற்று வீசுங்கால் தளர்ந்த மணல் இடம்பெயரும். பனையும் புதரும் வேரூன்றிய இடத்தில் அஃது அடங்கி நிற்கும்.

இவையெல்லாம் பழங்கதை எனக் கருதற்க. 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் காயற்பட்டினத்தில் ஒருநாளளவில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பொழிந்தது. தாமிரபரணி கரைபுரண்டு கழிமுகத்து ஊர்களுட் பலவற்றை நீரில் ஆழ்த்திற்று. உயிரும் உடைமையும் இழந்தாரது துயர் சொல்லுந் தரத்ததன்று. எனினும், அவ்வூர்கள் நிற்கும் மண்ணே முன்னைய வெள்ளங்கள் கொணர்ந்து இட்டது என்பதை நாம் மறத்தலாகாது. ஆற்றுக்கு உரிய இடத்தை அடைத்து வீடெடுப்போமாயின், அது தன் பழைய வழியைத் தேடி வருதல் இயல்பே.

பிறிதொன்றும் ஈண்டுக் கருதத்தக்கது. அணைகள் பாசனத்திற்கு இன்றியமையாதன. ஆயினும் அவை நீரோடு மணலையும் வண்டலையும் தடுக்கின்றன. எஞ்சிய மணலையும் வண்டிவண்டியாய் நாம் அள்ளுவோமாயின், ஆறு கடற்கரைக்கு ஈவது யாது? ஆறு ஈவது நின்றாலும் அலை அரிப்பது நில்லாது. கொற்கையில் நிலம் வளர்ந்தது, கடல் கொண்டதினும் ஆறு மிகுதியாகத் தந்தமையால். அக்கணக்கு மாறின் கரையும் மாறும். ஆதலின் நாம் வாழும் நிலத்தை ஆக்கிய ஆற்றல்களின் இயல்பை அறிந்து, அவற்றிற்கு இடங்கொடுத்து வாழ்தலே அறிவுடைமையாம்.