கிணற்று மோட்டாருக்கு அழுத்தம் எவ்வளவு?

லைங் ஆற்றின் மேற்குக் கரையில், நம் லைங் தாயாவில், வீட்டுக் கிணற்றில் மோட்டார் வைத்திருப்போருக்கு ஒரு சிறு கணக்கு.

மேலே வைத்து உறிஞ்சும் பம்பு நடைமுறையில் சுமார் 25 அடி ஆழம்வரைதான் நீர் இழுக்கும். சுவிட்சைத் திருகி அதைக் கூட்ட முடியாது.

அழுத்தத் தொட்டியுள்ள பம்பில், சுவிட்ச் பெரும்பாலும் சதுர அங்குலத்துக்கு 20 பவுண்டில் மோட்டாரை ஓடவிட்டு, 40-ல் நிறுத்தும். குழாயில் வேகம் போதவில்லை என்று நிறுத்தும் அளவைப் பம்பின் சக்திக்கு மேல் ஏற்றினால், மோட்டார் நிற்காமல் ஓடிச் சூடேறிக் கருகும். காயில் கட்டும் செலவு நம் தலையில்.

மோட்டார் அடிக்கடி ஓடி ஓடி நின்றால் தொட்டியில் காற்றுக் குறைந்திருக்கலாம். மின்சாரத்தை நிறுத்தி, தொட்டி நீரை முழுக்க வடித்து, 18 பவுண்டு காற்றடியுங்கள். ஓடத் தொடங்கும் அளவுக்கு 2 குறைவு, இதுவே விதி.