சொல்லாமல் விட்டதைப் படியுங்கள்!

அக்கா பையன் பி.காம். முடித்துவிட்டு பேங்க் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் தலையணை சைஸ் புத்தகத்தோடு வீட்டுக்கு வந்துவிடுவான். நானும் பி.காம். என்பதால் எனக்கு எல்லாம் தெரியும் என்று அவனுக்கு ஒரு நினைப்பு. (இதுவே ஒரு அஸம்ப்ஷன். கட்டுரையும் அதைப் பற்றித்தான்.)

"மாமா, ரீசனிங்ல மத்ததெல்லாம் ஓ.கே. இந்த ஸ்டேட்மென்ட் - அஸம்ப்ஷன் மட்டும் உதைக்குது. ரெண்டுமே கரெக்ட் மாதிரி தெரியுது. விடையைப் பார்த்தா ரெண்டும் இல்லைங்கறான். தப்புக்குக் கால் மார்க் வேற கட்!"

பேங்க் பரீட்சை எழுதியவர்களுக்கு இந்த வில்லனைத் தெரிந்திருக்கும். ஒரு வாக்கியம் கொடுப்பார்கள். கீழே ஒன்று, இரண்டு என்று போட்டு இரண்டு வரிகள். வாக்கியத்தைச் சொன்னவர் எதை வாயால் சொல்லாமல் மனசுக்குள் நம்பிக்கொண்டு பேசினார் என்று நாம் கண்டுபிடிக்க வேண்டும். முதலாவது மட்டும், இரண்டாவது மட்டும், இரண்டும், இரண்டுமில்லை என்று விடைகள் வரிசையாக நிற்கும். எல்லாமே பார்க்க நல்ல பிள்ளைகளாக இருக்கும்.

பையனுக்குப் புரிய நானே ஒரு கேள்வி தயாரித்தேன். எங்கள் தெரு கிளினிக் வாசலில் ஒரு போர்டு: 'கூட்டத்தைத் தவிர்க்க காலை 9 மணிக்கு முன்பே டோக்கன் பெற்றுக்கொள்ளவும்.'

ஒன்று: 9 மணிக்கு முன் கூட்டம் குறைவாக இருக்கும்.

இரண்டு: இந்த டாக்டர் கைராசிக்காரர்.

"ரெண்டுமே சரி மாமா. கைராசி இல்லாமலா இவ்வளவு கூட்டம் வரும்?"

இங்கேதான் எல்லோரும் வழுக்கி விழுகிறோம். இதற்கு ஒரு சுலபமான வைத்தியம் இருக்கிறது. கீழே இருக்கும் வரியை அப்படியே தலைகீழாகப் புரட்டிப் பாருங்கள். மேலே இருக்கும் வாக்கியம் பொத்தென்று விழுந்தால் அது அஸம்ப்ஷன். விழாமல் நின்றால் அது சும்மா கூட்டத்தோடு கூட்டமாக வந்தது.

'9 மணிக்கு முன்னாலும் அதே கூட்டம்தான்' என்று புரட்டினால் போர்டுக்கு அர்த்தமே இல்லை. 'டாக்டருக்குக் கைராசி கிடையாது' என்று புரட்டினால் போர்டு ஜம்மென்று நிற்கிறது. ஊரில் வேறு டாக்டரே இல்லாததாலும் கூட்டம் வரலாமே! ஆக, விடை முதலாவது மட்டும்.

அமெரிக்காவில் சட்டக் கல்லூரியில் சேர எல்.எஸ்.ஏ.டி. என்று 1948 முதல் ஒரு தேர்வு நடக்கிறது. அதற்குத் தயாராகிறவர்களும் இந்தப் புரட்டல் வைத்தியத்தைத்தான் மனப்பாடம் செய்கிறார்கள். 2024 ஆகஸ்ட் முதல் அந்தத் தேர்வில் புதிர்ப் பகுதியை எடுத்துவிட்டு, மார்க் உள்ள மூன்று பகுதிகளில் இரண்டை இந்த மாதிரி வாதக் கேள்விகளுக்கே கொடுத்துவிட்டார்கள். வக்கீலாகப் போகிறவனுக்கு எதிராளி சொல்லாமல் விட்டது தெரிய வேண்டாமா?

நமக்கும் இது புதுசில்லை. மணிமேகலையின் 29-ஆவது காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்குத் தர்க்கப் பாடமே நடத்துகிறார். மலையில் நெருப்பு இருக்கிறது, ஏனென்றால் புகை தெரிகிறது, அடுக்களையைப் போல. அது என்ன நடுவில் அடுக்களை? 'புகை இருந்தால் நெருப்பு இருக்கும்' என்று மனசுக்குள் வைத்திருக்கிறோமே, அதை வெளியே எடுத்துக் காட்டத்தான்!

பையன் நோட்டை எடுத்தான். மூன்று பள்ளங்களைக் குறித்துக்கொள்ளச் சொன்னேன்.

* 'எல்லாரும்', 'மட்டும்', 'எப்போதும்' வந்தால் உஷார். போர்டு வைத்தால் சிலராவது கேட்பார்கள் என்பது அஸம்ப்ஷன். எல்லாரும் கேட்பார்கள் என்பது பேராசை.

* ஊரறிந்த உண்மை என்பதற்காக டிக் அடிக்காதே. 'டாக்டர்களுக்கு வேலை அதிகம்' என்பது நிஜம்தான். ஆனால் இந்த போர்டு நிற்க அது தேவையில்லை.

* அஸ்திவாரத்தையும் மொட்டைமாடியையும் குழப்பிக்கொள்ளாதே. 'லேட்டாகப் போனால் காத்திருக்கணும்' என்பது போர்டைப் படித்த பிறகு நாம் கட்டிக்கொள்ளும் மாடி. அஸம்ப்ஷன் என்பது போர்டுக்கு அடியில் கிடப்பது.

எழுதி முடித்துவிட்டுத் தலையைத் தூக்கினான். "இவ்வளவு தெரிஞ்சுமா மாமா நீங்க பேங்க்ல சேரலை?"

ரீசனிங்கில் தப்பித்தேன், இங்கிலீஷ் கவிழ்த்துவிட்டது என்று சமாளித்தேன். ஆனால் நான் நிஜமாகக் கோட்டை விட்ட கேள்வி பரீட்சை ஹாலில் வரவில்லை. கேன்டீனில் வந்தது.

2014. ஒரு கம்பெனியில் அக்கவுன்ட்ஸில் இருந்தேன். காலையில் வேலை, ராத்திரி பேங்க் பரீட்சைக்குப் படிப்பு. ஒரு நாள் பக்கத்து சீட் நண்பர் வடையை என் பக்கம் நகர்த்திவிட்டுச் சொன்னார்:

"பாஸ், சொசைட்டியில ரெண்டு லட்சம் லோன் போடறேன். மாசா மாசம் சம்பளத்துலயே பிடிச்சுடுவாங்க. நானே ஏமாத்தணும்னு நினைச்சாலும் முடியாது. ஜாமீனுக்குச் சும்மா ஒரு கையெழுத்து..."

சட்னி படாமல் பேப்பரைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். முந்தின ராத்திரிதான் ஐம்பது அஸம்ப்ஷன் கேள்விகளைப் போட்டுப் பார்த்திருந்தேன்!

ஏழே மாதம். ஊரில் அவர் அப்பாவுக்குப் பக்கவாதம். நண்பர் வேலையை விட்டுவிட்டுப் போய்விட்டார். அவருடைய பங்குத் தொகை, பாக்கிச் சம்பளம் எல்லாம் கழித்து நின்றது 1,26,000 ரூபாய். ஜாமீன் போட்டவர்கள் இரண்டு பேர். என் பங்கு 63,000. மாதம் 4,500 வீதம் பதினாலு மாதம் பிடித்தார்கள். என் சம்பளத்தில்!

1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், 128-ஆவது பிரிவு: கடன்காரனுக்கு எவ்வளவு பொறுப்போ, வேறு மாதிரி எழுதிக்கொள்ளாத வரை ஜாமீன்தாரனுக்கும் அவ்வளவே பொறுப்பு. காலேஜில் மனப்பாடம் செய்து பாஸ் பண்ணிய பிரிவு.

அந்த வருஷம் அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் செய்வதாக இருந்தது. 'ஆபீசில் லீவு இல்லை' என்று போனில் பொய் சொன்னேன். "பரவாயில்லப்பா, இன்னொரு கண்ணு நல்லாத்தானே தெரியுது" என்றார். 4,500 ரூபாய் பிடித்தம்கூட எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை.

நண்பர் சொன்னதை இப்போது புரட்டிப் பாருங்கள். 'சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள்' என்ற வாக்கியத்துக்கு அடியில் கிடந்தது, 'கடன் முடியும் வரை நான் இங்கேயே வேலையில் இருப்பேன்' என்பது. அதைப் புரட்டியிருந்தால் மொத்தமும் சரிந்திருக்கும். ஹாலில் அரை நிமிஷ வேலை. கேன்டீனில் தோன்றவே இல்லை.

ஏன்? பரீட்சையில் கேள்வித்தாளைச் சந்தேகப்படுகிறோம், அது கோபித்துக்கொள்ளாது. நண்பனிடம் கேட்டால் அவனையே சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிடுமே என்று கூச்சம். ஆனால் அவர் நல்ல மனுஷர்தான். ஏமாற்றவில்லை. அவர் சொன்ன வாக்கியத்தில்தான் ஓட்டை. "ஒருவேளை வேலையை விடற மாதிரி ஆச்சுன்னா என்ன பண்றது பாஸ்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் லோனைக் குறைத்திருப்பார், அல்லது வேறு வழி பேசியிருப்போம். ஆளைச் சந்தேகப்பட வேண்டாம். வாக்கியத்தைப் புரட்டிப் பார்க்கலாம், தப்பே இல்லை.

'பஸ் ஸ்டாண்டிலிருந்து அஞ்சே நிமிஷம்' என்று மனை விற்கிறார்களே, எதில் போனால் அஞ்சு நிமிஷம்? 'இன்க்ரிமென்ட் வந்தா ஈ.எம்.ஐ. தெரியவே தெரியாது.' இன்க்ரிமென்ட் வரும் என்று யார் சொன்னது? எல்லாம் பரீட்சைக் கேள்விகள்தான். என்ன, விடைத்தாள் பின்னால் வரும். கால் மார்க்கோடு நிற்காது.

பையன் புத்தகத்தை மூடிவிட்டுக் கிளம்பினான். "தேங்க்ஸ் மாமா. நான் பேங்க்ல சேர்ந்ததும் முதல் லோன் உங்களுக்குத்தான்!"

"அதுல ரெண்டு அஸம்ப்ஷன் இருக்குடா."

"என்ன மாமா?"

"ஒண்ணு, நீ பாஸ் பண்ணுவே."

"ரெண்டாவது?"

உள்ளேயிருந்து என் மனைவியின் குரல் வந்தது: "உங்க மாமாவுக்கு ஜாமீன் போட ஆள் கிடைக்கும்கறது!"