சூடம் எங்கே போகிறது?

கற்பூரம் ஒரு மரத்தின் கட்டைக்குள் ஊறும் பொருள். தென்சீனம், தைவான், தென் ஜப்பான் பகுதிகளில் தானாக வளரும் கற்பூர மரம், இலவங்கப்பட்டை மரத்துக்குச் சொந்தக்கார இனம். அதன் இலையைக் கசக்கினாலே மணம் மூக்கில் ஏறும். முதிர்ந்த கட்டையைச் சிராய் சிராயாகச் செதுக்கி, நீராவியில் வேகவைத்து, வரும் ஆவியைக் குளிரச் செய்தால் எண்ணெயோடு சேர்ந்து வெள்ளைப் படிகம் இறங்கும். அந்தப் படிகம்தான் கற்பூரம்.

வேதியியல் கணக்கில் அது 10 கார்பன், 16 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன் அணுக்கள் கொண்ட மூலக்கூறு. அணுக்கள் கூண்டு போல வளைந்து கோத்திருப்பதால் மூலக்கூறு ஏறக்குறைய உருண்டையாக இருக்கிறது. உருண்டைகள் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்வதில்லை. அதனால்தான் கற்பூரம் உருகாமலேயே, சாதாரண அறை வெப்பத்தில், திண்மத்திலிருந்து நேரே ஆவியாகிறது. பாடப்புத்தகம் இதைப் பதங்கமாதல் என்கிறது. கற்பூரம் உருக வேண்டுமானால் 175 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெப்பம் வேண்டும். ஆனால் காணாமல் போவதற்குத் திறந்த டப்பா ஒன்றே போதும்.

மூடிய கண்ணாடிச் சீசாவில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். சில நாள் கழித்து, சீசாவின் குளிர்ந்த பக்கத்துச் சுவரில் மினுமினுக்கும் நுண்படிகங்கள் ஒட்டியிருக்கும். கீழே கற்பூர வில்லை இளைக்க இளைக்க, மேலே படிகம் வளரும். கற்பூரம் கரையாமலிருக்க டப்பாவில் நாலு மிளகு போட்டு வைக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. உண்மையில் அதைக் காப்பது மிளகைவிட இறுகிய மூடிதான்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. சுத்தமான தட்டில் தண்ணீர் ஊற்றி, கடுகளவு கற்பூரத் துணுக்குகளைப் போட்டால் அவை உயிருள்ளவை போலச் சுழன்று ஓடும். துணுக்கைச் சுற்றிக் கரையும் கற்பூரம் நீரின் பரப்பு இழுவிசையைக் குறைக்கிறது. விசை குறையாத பக்கம் துணுக்கை இழுத்துக்கொள்கிறது. எண்ணெய் தொட்ட விரல் நுனியைத் தண்ணீரில் வைத்தால் ஆட்டம் சட்டென நின்றுவிடும். இந்த ஆட்டத்தை நிறுத்த எவ்வளவு எண்ணெய் தேவை என்று அளந்தே, 1890இல் ஆங்கில இயற்பியலாளர் ரேலி பிரபு நீர்மேல் பரவும் எண்ணெய்ப் படலத்தின் தடிமனைக் கணக்கிட்டார்.

கற்பூரம் என்ற பெயர் ஒன்றுதான். அந்தப் பெயரில் வழங்கும் பொருள்கள் பல. பழைய காலத்தில் கடல் கடந்து வந்த விலையுயர்ந்த கற்பூரம் சுமத்ரா, போர்னியோ, மலாய்க் காடுகளில் வளரும் வேறொரு நெடுமரத்திலிருந்து கிடைத்தது. அதில் இருப்பது போர்னியோல்; கற்பூர மூலக்கூறைவிட இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் கூடுதலானது. சுமத்ராவின் பாருஸ் துறைமுகம் அந்தச் சரக்குக்குப் பேர்போனது. அதன் அருகில் லோபு துவாவில் கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, ஐந்நூற்றுவர் வணிகக் குழு அங்கே இயங்கியதற்குச் சான்று. சமையலில் பச்சைக் கற்பூரம் என்று பாரம்பரியமாகப் பெயர் பெற்றது இந்தப் போர்னியோல் வகைதான்.

பூஜைக்கு ஏற்றும் சூடம் இன்று பெரும்பாலும் ஆலையில் பிறக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் செல்லுலாய்டு என்ற பிளாஸ்டிக் வந்தபோது கற்பூரத்தின் தேவை எகிறியது. நைட்ரோசெல்லுலோஸை இளக்கிக் கொடுக்க அதற்குக் கற்பூரம் வேண்டும். திரைப்படச் சுருளும் சீப்பும் பொம்மையும் கற்பூர மரத்தை நம்பியிருந்தன. தைவானைப் பிடித்திருந்த ஜப்பான் 1899இல் அங்கே கற்பூர வணிகத்தை அரசின் ஏகபோகமாக்கியது. பின்லாந்து வேதியியலாளர் குஸ்தாவ் கோம்ப்பா 1903இல் கற்பூரத்தைச் செயற்கையாகத் தொகுத்துக் காட்டினார். இப்போதைய ஆலைகள் பைன் மரப் பிசினிலிருந்து வரும் டர்பென்டைனில் உள்ள பைனீனைப் படிப்படியாக மாற்றிக் கற்பூரம் செய்கின்றன. மரத்துக் கற்பூரம் முனைவாக்கிய ஒளியை வலப்பக்கம் திருப்பும். ஆலைக் கற்பூரத்தில் வலம், இடம் இரண்டு வடிவமும் சரிபாதி கலந்திருப்பதால் ஒளி திரும்பாது. எரிவதிலும் மணப்பதிலும் சாதாரணமாக வித்தியாசம் தெரியாது. ஆனால் எரிப்பதற்காகச் செய்த வில்லையின் தூய்மைக்கு யாரும் பொறுப்பேற்பதில்லை. சர்க்கரைப் பொங்கலிலோ தீர்த்தத்திலோ பூஜைச் சூடத்தை நுணுக்கிப் போடவே கூடாது. உணவுக்கானது என்று உறையில் அச்சிட்ட பச்சைக் கற்பூரம்கூட, ஒரு பானைக்குக் கடுகளவுக்கு மேல் போக வேண்டியதில்லை.

துணிப்பெட்டியில் போடும் அந்துருண்டை பெரும்பாலும் நாப்தலின். அது நிலக்கரித் தாரிலிருந்தோ பெட்ரோலியத்திலிருந்தோ வருவது, கற்பூரத்துக்கு உறவே இல்லாதது. பெயர் தெரியாத வெள்ளை உருண்டை வீட்டில் இருந்தால் ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுப் பார்க்கலாம். கற்பூரம் தண்ணீரைவிடச் சற்றே இலேசானது என்பதால் மிதக்கும். நாப்தலின் அடியில் போய் உட்காரும். சித்த மருத்துவத்தில் பேசப்படும் ரசகற்பூரமோ பாதரச உப்பு, கடும் நஞ்சு. பெயரில் கற்பூரம் ஒட்டியிருக்கிறது என்பதைத் தவிர அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

சூடம் சட்டென்று பற்றிக்கொள்வதற்குக் காரணமும் அதிலிருந்து தானே எழும் ஆவிதான். சுமார் 65 டிகிரியிலேயே தீப்பொறிக்குப் பிடிக்கும் அளவுக்கு ஆவி எழும்பிவிடும். தேங்காய் எண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சும் வீட்டு வழக்கம் ஆபத்தாவது இங்கேதான். கொதிக்கும் எண்ணெய் 65 டிகிரியை எப்போதோ தாண்டியிருக்கும். கீழே அடுப்பு எரிந்துகொண்டிருக்கும். எண்ணெயை இறக்கி, அடுப்பை அணைத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தபின் கற்பூரத்தைப் போட்டால் அது தானே கரைந்துவிடும். சரக்குப் போக்குவரத்து விதிகளில் கற்பூரம் எளிதில் தீப்பற்றும் திண்மப் பொருள். பெட்டி பெட்டியாக அடுக்கும் கடைகளும் கிடங்குகளும் அதை வெயில், விளக்கு, மின்பொறி எட்டாத காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும். பொட்டாசியம் பெர்மாங்கனேட் போன்ற ஆக்சிஜனேற்றிகள் அருகில் இருக்கக் கூடாது. உருகி எரியும் கற்பூரத்தின் மேல் தண்ணீரைப் பீய்ச்சினால் அது மிதந்து தீயைப் பரப்பலாம். தட்டில் பற்றிய சிறு தீயை மூடியால் அமுக்குவதே நல்லது. பெரிய தீக்கு மணலோ உலர் தூள் அணைப்பானோ வேண்டும். மூடிய அறையில் நிறையச் சூடம் கொளுத்தினால் வரும் கரும்புகை முழுதாய் எரியாத கார்பன். ஆஸ்துமா உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் ஜன்னலைத் திறந்துவிட்டு ஏற்ற வேண்டும்.

தோலில் தடவினால் கற்பூரம் வெப்பத்தையும் குளிரையும் உணரும் நரம்பு முனைகளைத் தூண்டுகிறது. அதனால்தான் தைலம் தடவிய இடம் சில்லென்றும் சுருக்கென்றும் இருக்கிறது. மூக்கடைப்பு விட்டது போல் தோன்றுவதும் பெரும்பாலும் இந்த உணர்வுதான். அடைப்பு அப்படியே இருக்கும். பெரியவர்களுக்கு இதமான இந்தப் பொருள் கைக்குழந்தைக்கு ஆகாது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கற்பூரத் தைலம் பூசக் கூடாது. கற்பூரத்தைத் துணியில் முடிந்து கழுத்தில் கட்டுவதோ, மூக்குத் துவாரத்தில் தடவுவதோ பாசத்தால் செய்வதுதான் என்றாலும் குழந்தையின் மூச்சை நெரிக்கக்கூடியது. அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, மருந்துச் சீட்டின்றி விற்கும் பூச்சுகளில் கற்பூரம் 11 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 1980களில் விதித்ததற்குக் குழந்தைகள் விழுங்கிய விபத்துகளே காரணம்.

விழுங்கிய கற்பூரம் குடலிலிருந்து வேகமாக ரத்தத்தில் ஏறி மூளையைத் தாக்கும். வாயும் தொண்டையும் எரியும், குமட்டும். பிறகு பதற்றம், வலிப்பு. வலிப்பு சில நிமிடங்களிலேயே, முன்னறிகுறி இல்லாமலும் வரலாம். உடல் எடையில் கிலோவுக்கு 30 மில்லிகிராம் உள்ளே போயிருந்தால் மருத்துவமனை அவசியம் என்பது அமெரிக்க நச்சுத் தகவல் மையங்களின் வரையறை. 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு அது 300 மில்லிகிராம், அதாவது ஒரு கிராமில் மூன்றிலொரு பங்கு கூட இல்லை. ஒரு வயது, ஒன்றரை வயதுக் குழந்தைகள் சுமார் 1 கிராமில் இறந்திருக்கிறார்கள். கல்கண்டு போலவே தோன்றும் வில்லை, பூஜைத் தட்டில், தவழும் குழந்தைக்கு எட்டும் உயரத்தில் கிடக்கிறது.

கற்பூரத்துக்கு மாற்று மருந்து கிடையாது. மருத்துவர்கள் வலிப்பை அடக்கி, மூச்சைக் காத்து, உடல் அதை வெளியேற்றும் வரை துணைநிற்கிறார்கள். வாயில் மிச்சமிருப்பதைத் துடைத்தெடுத்து, உடனே 108ஐ அழைக்க வேண்டும். விரல் விட்டு வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. நடுவில் வலிப்பு வந்தால் வாந்தி மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். பாலோ எண்ணெயோ கொடுக்கக் கூடாது. கொழுப்பில் கற்பூரம் நன்றாகக் கரையும். மீதி வில்லைகளை உறையோடு மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். குழந்தை விழுங்கியது நாப்தலின் என்றால் கதையே வேறு: அது ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், அந்தப் பாதிப்பு ஓரிரு நாள் கழித்தே வெளியே தெரியலாம். மருத்துவர் எதை எதிர்பார்த்து, எத்தனை நாள் கவனிக்க வேண்டும் என்பதை அந்த உறைதான் சொல்லும்.